கடல் கடந்து வந்த மகுடம்

யொரூபா மொழியில் 'அடெடோகுன்போ' என்றொரு பெயர் உண்டு. 'அடெ' என்றால் மகுடம். 'ஓகுன்' என்றால் கடல். கடலுக்கு அப்பாலிருந்து திரும்பி வந்த மகுடம் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். அயல்நாட்டில் பிறந்து தாய்மண்ணுக்கு வந்துசேரும் குழந்தைக்கு 'டோகுன்போ' என்று பெயரிடுவது நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே வழக்கம். லாகோஸ் நகரத் தெருக்களில் அதே சொல் வேறொரு பொருளிலும் புழங்குகிறது. வெளிநாடுகளில் ஓட்டித் தேய்ந்த பிறகு கப்பலில் வந்திறங்கும் பழைய கார்களையும் அங்கே 'டோகுன்போ' என்றே அழைக்கிறார்கள். ஒரே சொல்லுக்குள் மகுடமும் இருக்கிறது, பிறர் கழித்துவிட்ட பொருளும் இருக்கிறது.

இந்தப் பெயரை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு பனியனின் முதுகில். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடிய மாணவன் ஒருவன், 34 என்ற எண்ணுக்கு மேலே வளைவாக அச்சிடப்பட்டிருந்த ஆங்கில எழுத்துகளைக் காட்டி, "எந்தப் பேரையும் பிரிச்சுப் பொருள் சொல்வீங்களே ஐயா, இதைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றான். பதின்மூன்று எழுத்துகள். கூட்டிப் படித்தால் 'அன்டெடோகூன்ம்போ' என்று வந்தது. யானிஸ் அன்டெடோகூன்ம்போ என்ற கூடைப்பந்து வீரரின் கதைக்குள் நான் நுழைந்தது இப்படி, ஒரு பெயர்ச்சொல்லின் வழியாகத்தான். விளையாட்டு எனக்குத் தொலைவான உலகம். பெயர்கள் அப்படியல்ல.

அடெடோகுன்போ எப்படி அன்டெடோகூன்ம்போ ஆயிற்று? யொரூபா மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. ஏதென்ஸ் நகரில் அப்பெயரைக் கிரேக்க எழுத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 'பந்து' என்ற சொல்லில் தகரம் பெறும் ஒலிக்கும், 'தம்பி' என்ற சொல்லில் பகரம் பெறும் ஒலிக்கும் இன்றைய கிரேக்கத்தில் தனி எழுத்துகள் இல்லை. நகரத்தையும் தகரத்தையும் அடுத்தடுத்து எழுதி முன்னதையும், மகரத்தையும் பகரத்தையும் சேர்த்தெழுதிப் பின்னதையும் குறிக்கிறார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மெல்லினத்தின் அருகில் நிற்கும் வல்லினம் தன் கடுமையை இழந்து குழைவதை நாம் நாள்தோறும் நாவில் உணர்கிறோம். ஒரு வேறுபாடு உண்டு. நம்மிடம் அந்த மூக்கொலியும் சேர்ந்தே ஒலிக்கும். கிரேக்கத்தில் பல இடங்களில் அது வல்லினத்தைக் குழைத்துவிட்டுத் தான் மறைந்துகொள்ளும். பின்னர் கடவுச்சீட்டுக்காக அந்தக் கிரேக்க எழுத்துகள் ஒவ்வொன்றாக ரோமன் எழுத்துக்கு மாற்றப்பட்டபோது, ஒலிக்காத மூக்கெழுத்துகளும் கூடவே வந்து அமர்ந்துகொண்டன. ரோமன் எழுத்தில் கிளம்பிய பெயர் ரோமன் எழுத்துக்கே திரும்பியபோது பெற்றவர்களாலேயே அடையாளம் காண முடியாத உருவத்தில் இருந்தது.

உலகம் இன்று கொண்டாடும் பெயர், ஓர் அலுவலகத் தாளில் பிறந்த பெயர். அந்தத் தாள் கிடைத்த கதைதான் அவருடைய வெற்றிக் கதையைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

*

சார்லஸ், வெரோனிகா தம்பதியர் லாகோஸை விட்டு ஏதென்ஸுக்கு வந்த ஆண்டு 1991. சார்லஸ் யொரூபா இனத்தவர், கால்பந்து ஆடியவர். வெரோனிகா இக்போ இனத்தவர், உயரம் தாண்டுதலில் பயிற்சி பெற்றவர். மூத்த மகன் பிரான்சிஸைத் தாத்தா பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஏதென்ஸில் தனாசிஸ், யானிஸ், கோஸ்டாஸ், அலெக்ஸ் என நான்கு ஆண் குழந்தைகள் பிறந்தனர். யானிஸ் பிறந்தது 1994 டிசம்பர் 6 அன்று. எல்லோருக்கும் கிரேக்கப் பெயர்கள். கிரேக்கப் பள்ளியில் படித்தார்கள், கிரேக்க மொழியில் சண்டையிட்டுக்கொண்டார்கள். ஆனால் கிரேக்கச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் கிரேக்கர்கள் அல்லர். அந்நாட்டின் குடியுரிமை குருதிவழிப்பட்டது. மண்ணில் பிறந்துவிட்டதனாலேயே ஒரு குழந்தை அந்த மண்ணுக்கு உரியதாகிவிடாது. நைஜீரியாவின் ஆவணங்களும் அந்தச் சிறுவர்களிடம் இல்லை. யானிஸ் தன் வாழ்வின் முதல் பதினெட்டு ஆண்டுகளை எந்த நாட்டுக்கும் குடிமகன் அல்லாதவராகவே கழித்தார்.

குடும்பம் வாழ்ந்தது செபோலியா என்ற உழைக்கும் மக்களின் பகுதியில். பெற்றோருக்கு நிலையான வேலை இல்லை. கைக்கடிகாரம், குளிர்க்கண்ணாடி, கைப்பை போன்றவற்றைத் தெருவில் விற்று வந்த காசில்தான் பல நாட்கள் கழிந்தன. தாயோடும் அண்ணனோடும் யானிஸும் விற்கப் போவார். வாடகை தர முடியாமல் வீடு மாறியதையும், குளிர்பெட்டி காலியாகக் கிடந்த நாட்களையும் பின்னாளில் நேர்காணல்களில் அவர் சொல்லியிருக்கிறார். நடைபாதை வியாபாரம் எந்த ஊரிலும் ஒரே மாதிரியானதுதான். வாங்க விருப்பமில்லாதவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். விலை பேசும்போதே தெருமுனையில் காவலர் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும். காகிதம் இல்லாதவர்களுக்கு இந்த இரண்டாவது கவனம் உயிரோடு ஒட்டியது. சரக்குப் பறிபோவது மட்டுமல்ல, பெற்றவர்களே பிடித்து அனுப்பப்படலாம் என்ற அச்சம் அது.

2007ஆம் ஆண்டளவில் ஸ்பைரோஸ் வெலினியாட்டிஸ் என்ற பயிற்சியாளர் இச்சிறுவர்கள் ஓடியாடுவதைக் கண்டார். யானிஸ் விரும்பியது தந்தை ஆடிய கால்பந்தைத்தான். பெற்றோருக்கு வேலை தேடித் தருவதாகச் சொல்லித்தான் வெலினியாட்டிஸ் அந்தக் குடும்பத்தைக் கூடைப்பந்தின் பக்கம் திருப்பினார். ஒரு குழந்தையின் திறமைக்கு வாசல் திறந்த சாவி, அதன் வீட்டு அடுப்பு எரிவதற்கான ஏற்பாடாக இருந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். திறமையை அடையாளம் காண்பவர்கள் பலர் உண்டு. அது பசியோடு இருக்கிறது என்பதையும் சேர்த்துக் காண்பவர்கள் அரிது.

நகரத்தின் மறுபக்கம் ஸோக்ராஃபூ பகுதியிலிருந்த ஃபிலத்லிட்டிகோஸ் என்ற சிறிய கழகத்தில் சகோதரர்கள் சேர்ந்தார்கள். தனாசிஸும் யானிஸும் ஒரே இணை காலணியை மாற்றி மாற்றி அணிந்து ஆடியது இன்று பலரும் சொல்லும் செய்தி. பயிற்சி முடிய நேரமாகிவிட்டால் உடற்பயிற்சிக் கூடத்திலேயே படுத்துறங்கிய இரவுகளும் உண்டு. கழகத்தின் முதன்மை அணி ஆடியது நாட்டின் மூன்றாம் அடுக்குப் போட்டிகளில்; 2012-13 பருவத்தில்தான் இரண்டாம் அடுக்குக்கு உயர்ந்தது. பார்வையாளர்கள் சில நூறு பேர் இருந்தால் அதிகம். அந்தச் சின்ன அரங்கத்துக்கு 2012இன் இறுதியிலிருந்து அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் ஆட்கள் ஒவ்வொருவராக விமானமேறி வரத் தொடங்கினார்கள். இன்னும் வளர்ந்துகொண்டிருந்த நெடிய உடல், அதற்குப் பொருந்தாத லாவகம், பந்தைத் தரையில் தட்டியபடி ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலைந்து எட்டுகளில் போய்விடும் கால்கள். டிசம்பர் மாதத்தில் ஸ்பெயினின் ஸரகோசா கழகம் அவரை நான்காண்டு ஒப்பந்தத்தில் பிடித்துக்கொண்டது. அங்கு ஒரு நாளும் ஆடாமலேயே அவர் அதைக் கடந்து போய்விட்டார்.

*

அதே 2012, கிரேக்கத்தின் கடன் நெருக்கடி உச்சத்திலிருந்த காலம். வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. அந்த ஆண்டு ஜூன் மாதத் தேர்தலில், குடியேறியவர்கள்மீதான வெறுப்பையே அரசியலாகக் கொண்ட 'பொன் விடியல்' கட்சி 18 இடங்களைப் பிடித்து நாடாளுமன்றத்தில் அமர்ந்தது. ஏதென்ஸின் தெருக்களில் கறுப்பர்களும் ஆசியர்களும் இரவில் தனியே நடக்க அஞ்சினார்கள். (2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் அக்கட்சியைக் குற்றவியல் அமைப்பு என்றே தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு எட்டாண்டுகள் ஆயின.)

அடுத்து நிகழ்ந்தவற்றைத் தேதி வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கிரேக்கத்தில் பிறந்த அல்லது ஆண்டுக்கணக்கில் அங்குப் பள்ளியில் படித்த குடியேறிகளின் குழந்தைகளுக்குச் சில நிபந்தனைகளோடு குடியுரிமை வழங்கும் சட்டம் ஒன்று 2010இல் இயற்றப்பட்டிருந்தது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அது அரசியலமைப்புக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. மே 9 அன்று யானிஸுக்குக் கிரேக்கக் குடியுரிமை கிடைத்தது. ஜூன் 27 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த என்.பி.ஏ. வீரர் தேர்வில் மில்வாக்கி பக்ஸ் அணி அவரை 15ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பார்வையாளர் வரிசையில் அண்ணன் தனாசிஸ் கிரேக்கக் கொடியை அசைத்தார். குடியுரிமைக்கும் கொடிக்கும் இடையில் சரியாக ஏழு வாரங்கள்.

பல்லாயிரம் பிள்ளைகளுக்கான கதவு பிப்ரவரியில் மூடப்பட்டது. மே மாதத்தில் ஓர் இளைஞனுக்கு மட்டும் அதன் தாழ் விலகியது. இது யானிஸின் குற்றமல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவருக்குச் சேர வேண்டியது அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் தாமதமாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அரசு அந்த மே மாதத்தில் கண்டது தன் மண்ணில் பிறந்த ஒரு குழந்தையையா, தனக்குப் புகழ் தேடித்தரப்போகும் உயரத்தையா? அதே ஆண்டில் பொன் விடியலின் தலைவர், இந்தக் குடியுரிமையைப் பரிகசித்து, யானிஸை மிருகக்காட்சிசாலை விலங்கோடு ஒப்பிட்டுப் பேசினார். ஒரு தரப்பு அவரைத் தன்னவர் என்று அணைத்துக்கொண்டது, மறுதரப்பு மனிதரே அல்ல என்றது. சாதாரண மனிதனாக, சாதாரணக் குடிமகனாக இருப்பதற்கான இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கும் இல்லை. அவருக்குப் பின்னர் அமைந்த பட்டப்பெயர் 'கிரீக் ஃப்ரீக்', இயற்கை மீறிய கிரேக்கப் பிறவி. அன்போடு சூட்டியதுதான். ஆனாலும் அதன் எதுகையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்றே உறுத்தும்.

*

அமெரிக்காவின் முதல் பருவத்தில் ஆட்டம் ஒன்றுக்குச் சராசரி 6.8 புள்ளிகளே எடுத்தார். அந்தப் பருவத்தில் நடந்த ஒரு சம்பவம் அவருடைய ஆட்டங்களைவிட அதிகம் பேசப்படுகிறது. கையிலிருந்த பணம் முழுவதையும் ஏதென்ஸிலுள்ள பெற்றோருக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது, அரங்கத்துக்குப் போக டாக்ஸிக்குக் காசில்லை. மில்வாக்கியின் குளிரில் ஓடத் தொடங்கினார். வழியில் அடையாளம் கண்டுகொண்ட ஒரு தம்பதியர் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்கள். பெரும் ஊதியம் வாங்கும் விளையாட்டு வீரனின் வெகுளித்தனமாக இதைச் சிரித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பணத்தைக் கையில் வைத்திருப்பது என்ற பழக்கமே அந்த இளைஞனுக்கு இல்லை. தெருவில் விற்று வந்த காசு அன்றன்றே வீட்டுக்குப் போய்விடுவது. அன்றும் அப்படியே போயிற்று. விசாவுக்காகக் காத்திருந்த பெற்றோரும் தம்பிகளும் 2014இன் தொடக்கத்தில்தான் அவரிடம் வந்து சேர முடிந்தது.

பிறகு வளர்ச்சி. 2016-17 பருவத்தில் மொத்தப் புள்ளிகள், பந்து மீட்பு, உதவி வீச்சு, பந்துப் பறிப்பு, தடுப்பு ஆகிய ஐந்து கணக்குகளிலும் முதல் இருபது பேருக்குள் வந்தார். என்.பி.ஏ. வரலாற்றில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன், 2017 செப்டம்பரில், தந்தை சார்லஸ் மாரடைப்பால் காலமானார். மகன் 2019இலும் 2020இலும் தொடர்ந்து இருமுறை மிகச் சிறந்த வீரர் விருது பெற்றதை அவர் பார்க்கவில்லை.

2021 ஜூலை 20 அன்று நடந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை நான் பின்னர் முழுவதும் பார்த்தேன். அந்த ஆண்டு யானிஸுக்கு ஒரு பலவீனம் ஊரறிந்ததாக இருந்தது. தடையின்றி நின்று எறியும் 'ஃப்ரீ த்ரோ'க்களில் வெற்றித் தொடர்கள் முழுவதிலுமாக அவர் அறுபது விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கோட்டில் நின்று அவர் நெடுநேரம் எடுத்துக்கொள்வதால், எதிரணி ஊர்களில் ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக உரக்க எண்ணி அவரைப் பரிகசித்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் முழங்கால் பின்புறமாக வளைந்து கீழே விழுந்திருந்தார். அந்த இரவு அவர் எறிந்த 19 ஃப்ரீ த்ரோக்களில் 17 உள்ளே விழுந்தன. மொத்தம் 50 புள்ளிகள். ஃபீனிக்ஸ் அணியை வென்று, 1971க்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் கழித்து மில்வாக்கி கோப்பையைப் பெற்றது. அண்ணன் தனாசிஸும் அதே அணியில் இருந்தார். தம்பி கோஸ்டாஸ் முந்தைய ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியில் கோப்பையைத் தொட்டிருந்தார். செபோலியாவின் வாடகை வீடுகளில் வளர்ந்த ஒரு குடும்பத்தில் மூன்று கோப்பை வீரர்கள்.

*

இத்தகைய கதைகளை நாம் விரும்பிக் கேட்கிறோம். வகுப்பறைகளிலும் பட்டமளிப்பு விழாக்களிலும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். உழைத்தான், உயர்ந்தான். அதில் பொய்யில்லை. ஆனால் உயர்ந்தவனின் கதையைச் சொல்லும்போது, உயர்ந்தால்தான் உரிமை என்ற ஒப்பந்தத்துக்கும் நாம் அறியாமல் கையெழுத்திட்டுவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து என் துறையில் படித்த மாணவி ஒருத்தியின் நினைவு இங்கே வருவதைத் தவிர்க்க முடியவில்லை. தமிழ்நாட்டில் பிறந்தவள். 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பிறப்பு மட்டுமே இந்தியக் குடியுரிமை தராது. பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். அவளுடைய பெற்றோர் இருவரும் அகதிகளாக வந்தவர்கள். உடன் படித்தவர்களெல்லாம் அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த நாட்களில், "எனக்கு அந்தப் படிவம் இல்லீங்க ஐயா" என்று இயல்பாகச் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டாள். அவள் முதல் மதிப்பெண் பெற்றவள் அல்லள். எந்த விளையாட்டிலும் பரிசு வாங்கியதில்லை. ஒழுங்காக வகுப்புக்கு வந்து, ஒழுங்காகப் படித்துத் தேறியவள். அவளைத் தேடி விமானமேறி வர யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

கிரேக்கம் 2015 ஜூலையில் புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. அங்குப் பிறந்தோ படித்தோ வளர்ந்த குடியேறிகளின் பிள்ளைகள், வகுத்த நிபந்தனைகள் நிறைவேறினால், இன்று விண்ணப்பிக்க முடியும். யானிஸின் புகழ் அதற்கு எவ்வளவு உதவியது என்று அளந்து சொல்வதற்கில்லை. செபோலியாவின் ஆடுகளத் தரையில் அவர் முகத்தைப் பெரிதாக வரைந்தார்கள். தனக்குக் காகிதம் கிடைத்ததோடு அவரும் மௌனமாகிவிடவில்லை. காகிதமில்லாமல் வளர்ந்ததைப் பற்றி மீண்டும் மீண்டும் பேசினார்.

2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழா ஸேன் நதியில் நடந்தது. மரபுப்படி முதலில் வந்தது கிரேக்கத்தின் படகு. கொடியேந்தி நின்ற இருவரில் ஒருவர் யானிஸ். ஒலிம்பிக்கில் கிரேக்கக் கொடியை ஏந்திய முதல் கறுப்பினத்தவர். மற்றவர் நடைப்பந்தய வீராங்கனை ஆன்டிகோனி டிரிஸ்பியோட்டி. அரசனின் ஆணைக்கு எதிராக மனித நியாயத்தின் பக்கம் நின்று மடிந்த பெண்ணின் பெயர் ஆன்டிகோனி என்பது இலக்கிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். யாரும் திட்டமிட்ட பொருத்தம் அல்ல. பெயர்கள் சில வேளைகளில் தாமாகவே இப்படி வந்து அருகருகே நின்றுவிடுகின்றன.

மகுடம் கடல் கடந்து திரும்பி வந்தது என்று அந்தக் காட்சியை முடித்துவிடலாம். பார்த்தபோது எனக்கும் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் செபோலியாவின் ஆடுகளத்தில் மாலைகளில் பந்து தட்டும் பிள்ளைகளில் பெரும்பாலோர் 211 சென்டிமீட்டர் வளரப்போவதில்லை. ஒரு நாட்டில் தன் பெயரை எழுதிக்கொள்ள ஒரு குழந்தை அவ்வளவு உயரம் வளர வேண்டிய கட்டாயமும் இருக்கக் கூடாது.